பூசையன்று இரவு 10.52

ஆகஸ்ட் 7, திங்கள்

வேலையில் சேர்ந்தேன். ஆறு வாரம். அதற்கு மேல் எழுத்தில் எதுவும் இல்லை.

ஈரோட்டிலிருந்து நாற்பது நிமிடம், பேருந்து கிடைத்தால். ஓர் அறக்கட்டளை நடத்தும் தண்ணீர் ஆய்வுக்கூடம். கிணறு, போர், வாய்க்கால், எங்கிருந்து யார் கொண்டுவந்தாலும் சோதித்து அளவு சொல்வார்கள். இருப்பது இரண்டே பேர். இயக்குநர் சென்னியப்பன் சார். பரிசோதனை செய்யும் மயிலாத்தாள், எல்லோருக்கும் மயிலக்கா. கட்டடத்தின் பின்னறையிலேயே குடியிருக்கிறார். காலையில் திறப்பது, கூட்டுவது, மாலை ஆறுக்குப் பூட்டுவது எல்லாம் அவரே.

என் வேலை, பழைய கணினியில் பதினைந்து ஆண்டாகச் சேர்ந்திருக்கும் கோப்புகளைப் புதிய கணினிக்கு மாற்றுவது. பழையது லினக்ஸ். புதியது விண்டோஸ். நடுவே ஒரு நீல வயரும் நானும்.

"தத்துவம் படிச்சுட்டு இதுக்கு எப்படிம்மா வந்த, தாரணி?" என்றார் சார்.

"தத்துவத்துக்கு வேலை இல்லைங்க சார்."

சிரித்தார். நானும் சிரித்தேன். இரண்டு ஆண்டு சந்தேகத்தைப் பாடமாகப் படித்தவள் என்று சொல்லியிருக்கலாம்.

ஆகஸ்ட் 9, புதன்

முதல் சோதனை. பழைய கணினிப் பெட்டியில் ஒரு வரிக் கோப்பு எழுதினேன். "இது ஒரு சோதனை." கைக்கடிகாரத்தில் காலை 11.10. பெட்டியின் திரை மூலையிலும் 11.10. வயர் வழியாக அனுப்பினேன். போய்ச் சேர்ந்தது. எழுத்து உடையவில்லை.

புதியதில், அந்தக் கோப்பைக் கடைசியாக மாற்றிய நேரம் மாலை 4.40 என்று காட்டுகிறது. இன்னும் வராத மாலை. புதிய கணினியின் கடிகாரம் தப்போ என்று பார்த்தேன். சரியாகத்தான் ஓடுகிறது. பிறகு பார்க்க வேண்டும்.

மதியம் மயிலக்கா புளிசாதம் கொடுத்தார். "சோறு கட்டிக்கிட்டு வராத கண்ணு. நா ஆக்கறதுல ரெண்டு கரண்டி உனக்கு."

ஆகஸ்ட் 11, வெள்ளி

214 கோப்புகள் வர மறுக்கின்றன. மயிலக்கா பெயர் வைக்கும்போது கிணற்றுக்கும் எண்ணுக்கும் நடுவே மேலும் கீழுமாக இரண்டு புள்ளி வைப்பாராம். பழையது அதை ஏற்கும். புதியது ஏற்காது.

"அந்த ரெண்டு புள்ளி அதைய என்ன பண்ணுச்சு?"

"அதுக்குப் பிடிக்காதுங்கக்கா."

"மாப்ள வூட்டுக்காரங்க மாதரயில்ல கொற சொல்லுது."

ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றினேன். பொட்டலம் கட்டுவது போன்ற வேலை. மனம் வேறெங்கோ போய்விடுகிறது.

ஆகஸ்ட் 14, திங்கள்

41 சதவீதம். சார் தினமும் வந்தவுடன் கேட்பது அதுதான். "எத்தனை சதவீதம்மா?"

மயிலக்கா கேட்பது வேறு. "பழசெல்லாம் வெச்சது வெச்சபடி வருதா கண்ணு?"

இதோடு மூன்றாவது முறை. கண்ணாடிக் குடுவையைத் துடைத்துக்கொண்டே கேட்கிறார். பதில் சொல்லும்வரை துடைப்பதை நிறுத்துவதில்லை.

ஏன் கேட்க வேண்டும்?

ஆகஸ்ட் 16, புதன்

சார் அவசரத்தின் காரணத்தைச் சொன்னார். காரக்காட்டுப் புதூர் என்ற ஊர். மேலே சாயப்பட்டறைகள். தங்கள் கிணறுகள் பாழானதாக ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டிருக்கிறார்கள். 2016 அக்டோபரில் அந்த ஊரின் பன்னிரண்டு கிணறுகளை இங்கேதான் சோதித்தார்கள். அந்தக் கோப்பை செப்டம்பர் 12 அன்று நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும். வேறு சான்று ஊர்க்காரர்களிடம் இல்லை. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் சோதித்தவர் மயிலாத்தாள் என்று இருக்கும்.

"அந்தம்மாவுக்கு அதேதான் ஊரு, தெரியுமா?" என்றார்.

தெரியாது.

"அவுங்க அண்ணன் கெணறும் அதுல ஒண்ணு."

இதை ஏன் என்னிடம் சொன்னார் என்று அப்போது யோசிக்கவில்லை. மயிலக்கா ஏன் சொல்லவில்லை என்றுதான் யோசித்தேன்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

அலமாரியில் சி.டி.க்கள். சனிக்கிழமைதோறும் மயிலக்கா அந்த வாரக் கோப்புகளைச் சி.டி.யில் ஏற்றி, மேலே மார்க்கர் பேனாவால் தேதி எழுதி வைத்திருக்கிறார். ஒரு வாரம்கூட விடவில்லை. நூற்றுக்கணக்கில். புதிய கணினிக்கு வந்த கோப்பையும் சி.டி.யில் உள்ளதையும் ஒப்பிட்டால் மாற்றம் நடந்ததா என்று தெரிந்துவிடும். ஒப்பிடும் வேலையைத் தொடங்கினேன்.

மழை. பேருந்து வரவில்லை. மயிலக்காவின் குடை.

ஆகஸ்ட் 21, திங்கள்

2016 அக்டோபர் 8 என்று எழுதிய சி.டி. படிக்க மறுத்தது. பின்புறம் குங்குமம் ஒட்டியிருந்தது. ஆயுத பூசைக்கு எல்லா இயந்திரங்களுக்கும் பொட்டு வைக்கும்போது அதற்கும் வைத்திருக்கிறார். கண்ணாடி துடைக்கும் துணியால் துடைத்தேன். படித்தது.

எல்லாக் கோப்புகளும் ஒத்துப்போயின. ஒன்றைத் தவிர.

காரக்காட்டுப் புதூர். பன்னிரண்டு கிணறுகள். கரைந்த உப்பின் அளவு. சி.டி.யில் 17-ஆம் எண் கிணறு 4,860. பெட்டியிலிருந்து வந்த கோப்பில் 1,860. 18-ஆம் எண் சி.டி.யில் 5,120. கோப்பில் 1,120. பன்னிரண்டிலும் முதல் இலக்கம் மட்டும் ஒன்றாகியிருக்கிறது. எல்லாவற்றையும் இந்த நோட்டின் பின்னட்டை உட்புறத்தில் இரண்டு வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன்.

கோப்பைக் கடைசியாக மாற்றிய நேரம்: 2016 அக்டோபர் 10, இரவு 10.52.

நாட்காட்டி பார்த்தேன். அது ஆயுத பூசை.

இரவு 10.52-க்கு இந்தக் கட்டடத்தில் யார் இருப்பார்?

ஆகஸ்ட் 22, செவ்வாய்

சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன். "பூசைக்கு இங்க என்னக்கா பண்ணுவீங்க?"

"காத்தால பூச. பொட்டு வெச்சுட்டா மக்யா நாள் விசயதசமி வரைக்கும் எதையுந் தொடமாட்டன். பன்னண்டு மணிக்குச் சாவிய சார்கிட்டக் குடுத்துட்டு ஊருக்குப் போயிருவேன். ராத்திரி ஒம்போது மணி பஸ்ஸுக்கு வந்து, அவரு வூட்ல போயி வாங்கிக்குவேன். வருசா வருசம் அதேதான்."

"ஒன்பதுக்கு அப்புறம் சாவி உங்ககிட்டயா?"

"வேற யாருகிட்டக் கண்ணு? நாந்தான உள்ள படுக்கறேன்."

ஒன்பதுக்குச் சாவி. 10.52-க்குக் கோப்பு.

அவளே சொல்லிவிட்டாள். எவ்வளவு இயல்பாகச் சொன்னாள் என்பதுதான் என்னை உறுத்துகிறது. தொடமாட்டேன் என்று யாரும் கேட்காமலே ஏன் சொல்ல வேண்டும்? ஒரு கரண்டி புளிசாதம், ஒரு குடை. இப்படித்தான் ஒருவரை வாங்குவார்கள் போலிருக்கிறது. பின்னறையில் இருந்துகொண்டு, கூட்டிப் பெருக்கிக்கொண்டு, எல்லாச் சாவியும் இடுப்பில்.

இன்று மதியம் வெளியே போய்ச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 23, புதன்

சாரிடம் சொன்னேன். அவளிடம் கேட்பதற்கு முன்பே சொன்னேன்.

எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு, "எனக்கும் ஒரு சந்தேகம் இருந்துச்சும்மா. சொல்றதுக்கு மனசு வரலை. ஊர்க்காரங்களுக்காக மொதல்ல கூட்டி எழுதிருக்குது. சி.டி.யும் போட்டாச்சு. அப்புறம் பயந்து போயி, யாருமில்லாதப்ப ராத்திரில சரியான அளவ எழுதி வெச்சிருக்குது."

"அப்ப 1,860-தான் சரியான அளவுங்களா சார்?"

"பின்ன?"

எல்லாம் பொருந்துகிறது. ஊர். அண்ணன். சாவி. நேரம். ஒரு சந்தேகம் இவ்வளவு ஒழுங்காக முடிவதை வகுப்பில்கூடப் பார்த்ததில்லை.

அறிக்கை எழுதித் தரச் சொன்னார். ஒன்றரைப் பக்கம். என் கையெழுத்து. சி.டி.யை அவரிடம் கொடுத்தேன். சார் வேறொன்றும் சொன்னார். அது இங்கே வேண்டாம்.

ஆகஸ்ட் 25, வெள்ளி

அவளைப் போகச் சொல்லிவிட்டார். மூடிய கதவுக்குப் பின்னால் ஐந்து நிமிடம். குரல் ஒன்றுதான் கேட்டது, சாருடையது.

வெளியே வந்தவள் நேராக என் மேசைக்கு வந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன்.

"நீயா கண்ணு எழுதிக் குடுத்த?"

"கோப்புல இருக்கறத எழுதினேன்."

"இருபத்தி ரெண்டு வருசமா பாட்டல்ல இருக்கறதத்தான் நானும் எழுதறேன்." புடவைத் தலைப்பால் மேசைமேல் இருந்த தூசியைத் துடைத்தாள். பழக்கம். "அத யாரு மாத்துனாங்கன்னு பாரு. என்னையத் தொரத்துனது போவுது. அதைய மட்டும் பாரு."

மாலை ஆட்டோவில் ஒரு பீரோவும் இரண்டு மூட்டையும் போயின. சாவிக்கொத்து என் மேசையில்.

ஆகஸ்ட் 28, திங்கள்

100 சதவீதம்.

பழைய பெட்டியை ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கப் போவதால் எல்லாவற்றையும் அழித்துவிடச் சொன்னார் சார். அழித்தேன். மூன்று மணி நேரம் பிடித்தது. அதன் விசிறி நின்றதும் அறை பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது.

தரையை யாரும் பெருக்கவில்லை.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

ஒன்றும் இல்லை. தலைவலி.

ஆகஸ்ட் 31, வியாழன்

கோப்புகளுக்குப் பட்டியல் தயாரிக்கும் வேலை. எண்ணிக்கை எடுப்பதற்காக எல்லாவற்றையும், தேதியை விட்டுவிட்டு, நேரப்படி வரிசைப்படுத்தினேன். பன்னிரண்டாயிரத்துச் சொச்சம்.

முதல் கோப்பு பகல் 2.34. கடைசிக் கோப்பு இரவு 11.27.

மறுபடி பார்த்தேன். பதினைந்து ஆண்டில் ஒருவர்கூட, ஒரு நாள்கூட, பகல் இரண்டரைக்கு முன் ஒரு கோப்பையும் சேமிக்கவில்லை. காலை ஒன்பதுக்குத் திறந்து மாலை ஆறுக்குப் பூட்டும் இடம் இது.

ஒன்பதும் ஐந்தரையும் இரண்டரை. ஆறும் ஐந்தரையும் பதினொன்றரை.

இந்த நோட்டைப் புரட்டினேன். ஆகஸ்ட் 9. காலை 11.10-க்கு எழுதிய கோப்பு, மாலை 4.40. சரியாக ஐந்தரை மணி நேரம். பிறகு பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். பார்க்கவில்லை.

இப்போது புரிகிறது. பழைய பெட்டியை அமைத்தவர் அது இந்தியாவில் இருக்கிறது என்று அதற்குச் சொல்லவேயில்லை. நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடும் கிரீன்விச் நேரத்தில் இருப்பதாகவே அது நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது. அவர் முள்ளை மட்டும் நம் நேரத்துக்குத் திருப்பி வைத்துவிட்டார். பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருக்கும்வரை தப்பே தெரியாது. கோப்பு வெளியே போகும்போதுதான் தெரியும். கிரீன்விச் நேரம் 11.10 என்றால் இங்கே 4.40 என்று புதியது தானாகக் கணக்குப் போடுகிறது. சரியான கணக்கு. தொடக்கம்தான் பொய்.

அப்படியானால் பூசையன்று இரவு 10.52 இரவு இல்லை.

மாலை 5.22.

மாலை 5.22-க்கு மயிலக்கா ஊரில் இருந்தார்.

சாவி யாரிடம் இருந்தது என்பதை நானே எழுதி வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 1, வெள்ளி

சாரிடம் சொன்னேன். அவரிடம் வேறு விளக்கம் இருக்கும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்றா எழுத வேண்டும், விரும்பினேன் என்றா? இருக்கட்டும்.

ஐந்தரை மணி நேரத்தை விளக்கினேன். சாவியைப் பற்றிப் பேசவில்லை. அவரும் பேசவில்லை.

"பழைய பெட்டிதான் இல்லையே. எப்படி நிரூபிப்ப?"

"கோப்புகளோட நேரமே சொல்லுதுங்க சார்."

தலையாட்டினார். காப்பி வரவழைத்துக் கொடுத்தார். "ரொம்ப உழைச்சுட்ட. திங்கள்கிழமை வந்தாப் போதும். சாவிய வெச்சுட்டுப் போம்மா."

வைத்துவிட்டுப் போனேன்.

செப்டம்பர் 4, திங்கள்

எல்லாக் கோப்புகளிலும் ஒரே தேதி. செப்டம்பர் 3. பன்னிரண்டாயிரத்திலும். ஞாயிற்றுக்கிழமை கடையிலிருந்து ஆளை வரவழைத்து, பாதுகாப்புக்காக எல்லாவற்றையும் புதிதாக நகல் எடுத்தாராம். அந்த ஆள் எடுத்த விதத்தில் பழைய தேதிகள் போய்விட்டன. என் சோதனைக் கோப்புகூட நேற்றுத்தான் எழுதப்பட்டிருக்கிறது.

அக்டோபர் 8 சி.டி. எங்கே என்று கேட்டேன்.

"எந்தச் சி.டி.?"

அவர் குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே தெரியாதவர் கேட்பதுபோல் கேட்டார். ஒரு கணம் என்னையே சந்தேகப்பட்டேன்.

"உன்ற அறிக்கை நீதிமன்றத்துக்குப் போவுது தாரணி. நல்லா எழுதிருக்கற." அது போனால் ஊர் தோற்கும், சாயப்பட்டறைகள் தப்பும்.

மேசைக்கு வந்து பையைத் தொட்டுப் பார்த்தேன். நோட்டு உள்ளேதான் இருந்தது. வீட்டுக்கு வரும்வரை பேருந்தில் அதை மடியிலேயே வைத்திருந்தேன்.

செப்டம்பர் 5, செவ்வாய்

காய்ச்சல் என்று சொல்லிவிட்டுப் போகவில்லை.

செப்டம்பர் 7, வியாழன்

ஊர்க்காரர்களின் வக்கீல் ஜெசிந்தா மேடம். நீதிமன்றத்துக்கு எதிரே மாடியில் அலுவலகம். நோட்டை நின்றுகொண்டே படிக்கத் தொடங்கியவர் ஆகஸ்ட் 9-இல் உட்கார்ந்தார். பின்னட்டையின் பன்னிரண்டு கிணறுகளில் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இது மட்டும் போதாது. ஆனா இது இருந்தா அந்த ரெண்டு பொட்டியையும் நிபுணர்கிட்ட அனுப்பச் சொல்லிக் கேக்கலாம். அழிச்சதுலயும் ஏதாச்சும் மிஞ்சியிருக்கும்னு சொல்றாங்க. உன் அறிக்கைய நீயே மறுக்கறதா எழுதிக் குடுக்கணும். தயாரா?"

"தயார்."

"முழு நோட்டும் வேணும். ஒரு பக்கம் கிழிஞ்சிருந்தாலும் எதிர்த்தரப்பு இத நார் நாரா உரிச்சிரும். பக்கத்துக்கு எண் போட்டுக் கொண்டா. உன்னைக் கூண்டுல ஏத்துனா எல்லார் முன்னாடியும் படிக்கச் சொல்லுவாங்க."

"எல்லாப் பக்கமுமா மேடம்?"

"ஏன், எதக் கிழிக்கலாம்னு பாக்கற?"

ஆகஸ்ட் 22-ஐத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 9, சனி

எண் போட்டேன். 1 முதல் 63 வரை. 22-ஆம் தேதிக்கு வந்தபோது பேனா நின்றது. அந்தத் தாள் தையலில் கொஞ்சம் தளர்ந்துதான் இருக்கிறது. இழுத்தால் சத்தமில்லாமல் வரும்.

எண் போட்டேன். 29.

செப்டம்பர் 10, ஞாயிறு

காரக்காட்டுப் புதூர். மயிலக்கா அண்ணன் வீட்டில் இருக்கிறார். கிணற்றின் பக்கமாக அழைத்துப் போய் உட்கார வைத்தார். 17-ஆம் எண் கிணறு. தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது. அருகில் ஒரு தென்னை, தலை இல்லாமல்.

நீதிமன்றத்தில் யாரோ படித்து அவர் கேட்பதற்குமுன் நானே படித்துக் காட்டிவிட வேண்டும். ஏழாம் தேதியிலிருந்து படித்தேன். புளிசாதத்துக்குச் சிரித்தார். மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்கும் சிரித்தார். 22-க்கு வந்ததும் என் குரல் இறங்கியது.

"சத்தமாப் படி கண்ணு. காது கேக்கல."

படித்தேன். இடுப்பில் சாவி என்பதுவரை.

கீழே கிடந்த ஓட்டுச் சில்லைக் கிணற்றில் போட்டார். சத்தம் வரத் தாமதமானது.

"அது வரைக்கும் அவர் இவர்னு எழுதிருக்கற. அங்கிருந்து அவ இவன்னு எழுதிருக்கற."

"ஆமாங்கக்கா."

"படிச்ச புள்ள, எல்லாரையும் மரியாதயாத்தான் எழுதுவன்னு நெனச்சேன்." மறுநாள் பக்கத்தையும் படித்ததும், "சாரு வேறென்னமோ சொன்னாருன்னு எழுதிருக்கறயே. என்ன சொன்னாரு?"

"செப்டம்பருக்கு அப்புறமும் வேலை இருக்குன்னார். நிரந்தரமா."

"அதுக்கா எழுதிக் குடுத்த?"

அதற்காக இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். "அதுக்கும்" என்றேன்.

எழுந்தார். போய்விடுவார் என்று நினைத்தேன். உள்ளே போய் ஒரு தட்டில் சோறு கொண்டுவந்து வைத்தார். "தண்ணி மட்டும் இந்தக் கெணத்துல குடிச்சராத. லாரித் தண்ணி தாரேன்." என் எதிரில் உட்காரவில்லை. சாப்பிட்டு முடிக்கும்வரை கிணற்றைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

புறப்படும்போது, "செவ்வாக்கெழம எத்தன மணிக்கு?" என்றார்.

செப்டம்பர் 12, செவ்வாய்

நீதிமன்றத் தாழ்வாரம். மர பெஞ்சு. ஜெசிந்தா மேடம் நோட்டைக் கேட்டார். ஐந்து நிமிடம் அவகாசம் வாங்கி இதை எழுதுகிறேன்.

"இதுக்கு ஜெராக்ஸ் எடுத்து வெச்சிருக்கியா?" என்றார்.

"இல்லைங்க மேடம்."

மயிலக்கா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். "மூணு வாரமா எங்க பொட்டியப் பூராவும் நகல் எடுத்தா இந்தப் புள்ள. சொந்த நோட்டுக்கு ஒண்ணு எடுக்கத் தோணல பாருங்க."

எடுக்க நினைத்தேன். எந்தக் கடையிலும் இதைக் கொடுத்துவிட்டு அந்தப்பக்கம் நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவ்வளவு சந்தேகம் இன்னும் மிச்சம் இருக்கிறது.

சென்னியப்பன் சார் வந்துவிட்டார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, உள்ளே புதிய சி.டி. எங்கள் இருவரையும் ஒரே பெஞ்சில் பார்த்தார். என் மடியில் இருக்கும் நோட்டைப் பார்த்தார். இன்று சதவீதம் கேட்கவில்லை.

மயிலக்காவிடம் நோட்டை நீட்டி, இந்தப் பக்கத்தின் கீழே கையெழுத்துப் போடச் சொன்னேன். சோதனைத் தண்ணீர் பாட்டிலின் சீட்டில் போடுவதுபோல் நேரமும் சேர்த்துப் போடுவதாகச் சொல்கிறார். என் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். அதை நம்பாமல் தன்னுடையதையும் பார்த்தார்.

இரண்டிலும் காலை 10.20.

அவர் போட்ட பிறகு நோட்டைக் கொடுத்துவிடுவேன். பக்கம் 76.

மயிலாத்தாள்
12.9, காலை 10.21